குவாரி வெடிக்குக் குப்புறப் படுக்கும் மாமனார்: வாசகர் கேள்வி, சுபேதார் பதில்

ராணுவ மருத்துவப் பிரிவில் 26 வருடம் இருந்துவிட்டு, சுபேதாராக ஓய்வுபெற்று, இப்போது பர்கூர் பக்கம் விவசாயம் பார்க்கிறேன். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களுக்கு நான்தான் பதில் எழுதுகிறேன். இந்த மாதம் வந்தவற்றில் நான்கு கடிதங்கள் ஏறக்குறைய ஒரே விஷயத்தைப் பற்றியவை. அதனால் பட்டா மாறுதல், சொட்டுநீர் மானியம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமனார் பீரங்கிப் படையில் இருந்தவர். 1999இல் கார்கில் சண்டையின்போது திராஸ் பக்கம் இருந்தார். ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்து, இரண்டு ஏக்கர் தோத்தாபுரி மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். தங்கமான மனிதர். ஆனால் பக்கத்து ஜல்லிக் குவாரியில் வெடி வைத்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்துவிடுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, டார்ச் கூட இல்லாமல் தோப்பைச் சுற்றுகிறார். தீபாவளி அன்று வீட்டில் இருக்கவே மாட்டார். போன சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு சால்வை போட்டார்கள். ஒரு பையன், "எத்தனை பேரைச் சுட்டீங்க தாத்தா?" என்று கேட்டானாம். வந்தவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார். என் கணவர், "ரெண்டு பெக் போட்டா தூங்கிடுவார், விடு" என்கிறார். நான் மருமகள். இதில் நான் தலையிடலாமா?
(வாசகி, காவேரிப்பட்டினம்)

பதில்: தலையிடுங்கள் அம்மா. அந்த வீட்டில் அவரை உற்றுப் பார்த்திருப்பது நீங்கள் ஒருவர்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது.

முதலில் ஒன்று. உங்கள் மாமாவுக்கு வந்திருப்பது பைத்தியமும் இல்லை, காத்து கருப்பும் இல்லை. கார்கில் சண்டையில் நம் பீரங்கிகள், ராக்கெட்டுகள் எல்லாம் சேர்ந்து சுட்டது இரண்டரை லட்சம் குண்டுகளுக்கு மேல் என்பது ராணுவத்தின் கணக்கு. அதில் ஒரு பங்கு உங்கள் மாமாவின் கையால் போயிருக்கும். எதிரிலிருந்தும் குண்டு வந்துகொண்டே இருந்தது. சத்தம் கேட்ட அரை நொடியில் படுத்தவன் பிழைத்தான், யோசித்து நின்றவன் போனான். அந்த இரண்டரை மாதத்தில் அவர் உடம்பு கற்ற பாடம் அது. அந்தப் பாடம்தான் அவரை உயிரோடு உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இப்போது சண்டை முடிந்துவிட்டது என்று மனத்துக்குத் தெரியும், உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தோப்பைச் சுற்றுகிறார் என்கிறீர்களே, அது சென்ட்ரி டூட்டி, அதாவது ராக்காவல். டார்ச் எடுக்காததற்கும் அதுதான் காரணம். வெளிச்சம் காட்டினால் குண்டு வரும் இடத்தில் இருந்தவர் அவர்.

முதல் உலகப் போரில் இதை 'ஷெல் ஷாக்' என்றார்கள். குண்டு வெடித்த அதிர்ச்சியில் மூளை குலுங்கிவிட்டது என்று டாக்டர்கள் நினைத்தார்கள். அப்புறம் பார்த்தால், குண்டுக்குப் பக்கத்திலேயே போகாதவர்களுக்கும் அதே நடுக்கம், அதே கனவு. அந்தப் போரில் ஓடிப்போனான், கோழை என்றெல்லாம் குற்றம் சாட்டி பிரிட்டிஷ் ராணுவம் தன் படையினரையே சுட்டுக் கொன்றது. அவர்களில் 306 பேருக்கு 2006இல்தான் அந்த அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது. அவர்களில் எத்தனையோ பேர் உங்கள் மாமாவைப் போன்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு. 1980இல் மருத்துவம் இதற்கு ஒரு முறையான பெயர் வைத்தது. தமிழில் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம்' என்கிறார்கள். பெயர் நீளம்தான். ஆனால் பெயர் இருக்கிறது என்றால் வைத்தியமும் இருக்கிறது.

நான் படித்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1987 அக்டோபரில், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தேன். அங்கே பலாலி விமானத் தளத்தில் இறங்கியபோது எனக்கு வயது 24. நர்சிங் அசிஸ்டென்ட். எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். காயம்பட்ட பொதுமக்கள் வந்தால் டாக்டருக்கு மொழிபெயர்ப்பதும் என் வேலை. ஒரு நாள் சாயங்காலம் ஒரு வயதான அம்மாவைத் தூக்கி வந்தார்கள். வயிற்றில் காயம். நான் தமிழில் பேசியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி எவடம்?" என்று கேட்டார். கிருஷ்ணகிரி என்றேன். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. "தம்பி, கொஞ்சம் தண்ணி தாங்கோ" என்றார். வயிற்றில் காயம்பட்டவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. லக்னோவில் பயிற்சியின்போது அதைத்தான் எங்களுக்கு அடித்துச் சொல்லியிருந்தார்கள். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். விடிவதற்குள் போய்விட்டார்.

நான் செய்தது சரி. எந்த டாக்டரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் குரல் என்னை விடவில்லை. பேரன் ராத்திரி தண்ணீர் கேட்டால், அவன் அம்மா எழுவதற்கு முன்னால் நான் எழுந்து நிற்பேன். என் மனைவிக்கே ஏன் என்று தெரியாது. ஊரில் யாரிடம் சொல்வது? அமைதிப் படையில் இருந்தேன் என்றாலே சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிலர், அங்கே என்ன செய்தீர்கள் என்று குற்றவாளியைக் கேட்பது போலக் கேட்பார்கள். நம் படையில் ஏறக்குறைய 1,200 பேர் அந்த மண்ணில் இறந்தார்கள். அந்த மண்ணின் ஜனங்களும் எத்தனையோ பேர் இறந்தார்கள். செத்தவர்கள் பேசிய மொழி எனக்குத் தாய்மொழி. இதை எந்தப் பக்கம் வைத்துப் பேசுவது என்று தெரியாமலே வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் சொன்னது எங்கே தெரியுமா? நவம்பர் மாதம் உயிர்வாழ்ச் சான்றிதழ் கொடுக்க வங்கியில் வரிசை நிற்குமே, அங்கே. எனக்கு முன்னால் நின்றவர் 1971இல் கிழக்குப் பாகிஸ்தான் போனவர். சும்மா ஊர் விசாரித்தோம். நான் பலாலி என்றேன். அவர் வேறு எதுவும் கேட்காமல், "தூங்கறீங்களா?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு நான் வங்கி வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

சரி, நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

குவாரி மேஸ்திரியைப் போய்ப் பாருங்கள். வெடி வைக்கும் நேரம் பெரும்பாலும் ஒரே நேரமாகத்தான் இருக்கும். வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். "மாமா, இன்னும் பத்து நிமிஷத்துல குவாரியில வெடி" என்று நீங்கள் சொல்லிவிட்டாலே பாதி பாரம் குறையும். எதிர்பார்த்த சத்தம் வேறு, எதிர்பாராத சத்தம் வேறு. தூக்கத்தில் கத்தினால் தொட்டு உலுக்காதீர்கள். கால்மாட்டில் தள்ளி நின்று, உறவு சொல்லிக் கூப்பிடுங்கள், விளக்கைப் போடுங்கள், எந்த ஊரில் எந்த வீட்டில் இருக்கிறார் என்று சொல்லுங்கள். பந்தியிலோ கல்யாண மண்டபத்திலோ அவர் சுவருக்கு முதுகு கொடுத்து, வாசல் தெரியும்படி உட்கார விரும்பினால் அந்த இடத்தை விட்டுக்கொடுங்கள்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: கேண்டீன் ரம் தூக்கத்தைத் தரும், பாதி ராத்திரியில் அதைப் பிடுங்கியும் கொள்ளும். கனவு இன்னும் மோசமாகும். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்த வழியில் போன என் தோழர்கள் சிலர் இன்று இல்லை. இன்னொன்று, இது முக்கியம். மாந்தோப்பு வீடு என்றால் பூச்சி மருந்து வீட்டில் இருக்கும். அதை எடுத்துப் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்பது போல் பேசினால், காத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துக்கொண்டு போங்கள்.

எங்கே போவது? கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் கார்டு வைத்திருந்தால், அந்தப் பாலிகிளினிக்கில் எழுதி வாங்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நமக்கு ஒரு பஸ் தூரம். போக மறுத்தால், 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் காசில்லாமல் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். முதலில் நீங்களே பேசிப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், பத்து நாளில் "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையோடு, நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வைக்கும் பேச்சு வைத்தியமும் உண்டு. எனக்கு அதுதான் கைகொடுத்தது.

உங்கள் மாமியாரைத் தடுக்க வேண்டாம். கோயிலுக்குப் போகட்டும், தாயத்து கட்டட்டும். டாக்டரிடமும் வரட்டும். "பேய் பிடிச்சிருக்கு" என்று அவர் காதுபடச் சொல்வதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கொல்லை ஓரத்தில் வேடியப்பன் கல் இருக்கிறது. வில்லும் கையுமாக ஒரு ஆள் நிற்பது போல் செதுக்கியிருக்கிறார்கள். வருஷம் ஒருமுறை பொங்கல் வைக்கிறோம். அது சாமி இல்லை, போரில் செத்த வீரன் என்று எங்கள் வரலாறு சார் சொல்கிறார். உண்மையா?
(மாணவர், அரூர்)

பதில்: உங்கள் சார் சொன்னது சரி தம்பி. அது நடுகல். சாமி இல்லை என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். இறந்த வீரனைத்தான் நம் பாட்டன்கள் சாமியாக்கினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் வேடியப்பன் என்று கும்பிடும் கற்களில் பல இப்படி நட்டவைதான். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிறைய வைத்திருக்கிறார்கள், ஒரு நாள் போய்ப் பார். பல்லவர், கங்கர், நுளம்பர் காலத்துக் கற்கள். பழைய கற்களில் வட்டெழுத்து இருக்கும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எந்த ஊர் மாட்டை மீட்கப் போய்ப் பட்டான் என்று நாலு வரியில் எழுதியிருப்பார்கள். செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல்லில், அந்த வீரனோடு நின்ற கோவிவன் என்ற நாயையும் செதுக்கிப் பெயரும் பொறித்திருக்கிறார்கள். யாரையும் விட்டுவிடக் கூடாது என்ற அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடிக்கும். உங்கள் கல்லில் எழுத்து இருந்தால் சுண்ணாம்போ பெயிண்டோ அடிக்காமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

செத்தவனுக்குக் கல் நட்டார்கள், திரும்பி வந்தவனுக்கு என்ன செய்தார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். முல்லைப்பாட்டில் ஒரு இடம் வரும். பாசறையில் அரசன் தூங்காமல் கிடக்கிறான். வெட்டுப்பட்ட யானைகளையும், செத்துப்போன வீரர்களையும், அம்பு தைத்துப் புல் தின்னாமல் நிற்கும் குதிரைகளையும் நினைத்துக்கொண்டு, ஒரு கையைப் படுக்கையிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்துக் கிடக்கிறான். ஆஸ்பத்திரி வார்டில் அப்படிக் கிடந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். தூக்கம் கெடுவது கோழைத்தனம் என்று அந்தப் புலவர் நினைக்கவில்லை.

நடுகல் எடுப்பதை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு படியாகத் தொல்காப்பியம் சொல்கிறது. நீர்ப்படை என்றால் கல்லை நீராட்டுவது. இதைத் தெரிந்துகொண்ட வருடத்திலிருந்து, அக்டோபரில் ஒரு நாள் எங்கள் ஏரிக்கரை வேடியப்பனுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வருகிறேன். கல்லில் இருப்பவன் வேறு யாரோ. நான் ஊற்றுவது அந்த யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் சார்பில் ஜூலை 26, கார்கில் வெற்றி நாளில், ஊரிலுள்ள முன்னாள் ராணுவத்தினர் 14 பேருக்குப் பாராட்டு விழா எடுக்கிறோம். பைக் ஊர்வலம், சரவெடி, மேளம், கட்அவுட் எல்லாம் ஏற்பாடு ஆகிறது. வேறு என்ன சேர்க்கலாம்?
(செயலாளர், பாலக்கோடு)

பதில்: சேர்ப்பதை விடச் சிலதைக் கழியுங்கள் தம்பி. சரவெடி வேண்டாம். மேலே உள்ள கடிதத்தைப் படித்துவிட்டு, ஏன் என்று மன்றத்தில் நீங்களே சொல்லுங்கள். அந்தக் காசுக்கு நல்ல சாப்பாடு போடுங்கள்.

மைக்கைக் கையில் திணித்து, "உங்க வீர அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். சொல்ல விரும்புகிறவர் முன்கூட்டியே சொல்வார். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்ற கேள்வியைப் பிள்ளைகள் கேட்காதபடி ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் சொல்ல முடிகிற மனிதனுக்கும் அது ஒரு வாரத் தூக்கத்தைத் தின்றுவிடும். சிறப்பு விருந்தினர் பத்தரைக்கு வருவார் என்று எட்டு மணியிலிருந்து வெயிலில் உட்கார வைக்காதீர்கள். 1971இல் போனவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

ஒரு வாரம் முன்னால் 14 பேர் வீட்டுக்கும் போங்கள். "உங்களோடு இருந்து திரும்பி வராதவர் யாராவது உண்டா, அவர் பெயரை வாசிக்கட்டுமா?" என்று கேளுங்கள். டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் மனத்தில் சுமக்கும் அந்த ஒரு பெயர், உங்கள் ஊர் மந்தையில் ஒருமுறை சத்தமாக ஒலித்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு யாராவது அப்படிச் செய்திருந்தால் வங்கி வாசல் வரை நான் காத்திருந்திருக்க மாட்டேன்.

கார்கில் விழா என்று அமைதிப் படையில் இருந்தவர்களை விட்டுவிடாதீர்கள். சமையல்காரர், வண்ணார், நாவிதர் பிரிவில் இருந்தவர்களையும் அதே வரிசையில் உட்கார வையுங்கள். விதவைகள் இருந்தால் மேடையில் ஏற்றுவதற்கு முன்னால், குடும்ப ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். அது வராதவர்களை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மன்றத்திலிருந்து ஒருவர் கூட்டிக்கொண்டு போகட்டும். படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு பையன், அந்த அம்மாவுக்குப் பத்து சால்வைக்குச் சமம்.

கேள்வி: நான் ராணுவத்தில் டிரைவர். கார்கில் சமயத்தில் ஸ்ரீநகர் - லே ரோட்டில் லாரி ஓட்டினேன். துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டதே இல்லை. ஆனால் இன்றும் ராத்திரியில் எதிரே வண்டி லைட் அடித்தால் கை நடுங்குகிறது. மேலே ஏறிப் போய்ச் சண்டை போட்டவனுக்கு வரலாம், எனக்கு வரலாமா? வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது.
(வாசகர், ஊத்தங்கரை)

பதில்: அண்ணே, அந்த ரோட்டில் அப்போது ராத்திரியில் லைட்டை அணைத்துவிட்டு ஓட்டினார்கள் என்பது ராணுவத்தில் எல்லோருக்கும் தெரியும். மலை மேலிருந்து எதிரி அந்த ரோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் குண்டு போட்டான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் வண்டி நிறையக் குண்டுப் பெட்டி. போகும்போது அது. திரும்பி வரும்போது யாரை ஏற்றிக்கொண்டு வந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் அந்த லாரிகள் வந்து நிற்பதைப் பார்த்தவன் நான். பின்கதவைத் திறக்க டிரைவர் இறங்கி வருவார். சிலர் இறங்கவே மாட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். விரல்களை ஒவ்வொன்றாக நான் பிரித்து எடுத்திருக்கிறேன்.

உங்கள் முகவரி பத்திரிகை அலுவலகத்தில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊத்தங்கரைக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடும். நேரே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். பகல் பஸ்ஸில்தான் திரும்பப் போகிறேன், அதனால் அவசரம் இல்லை. காபி போட்டு வையுங்கள்.